தேர்தல் பத்திரமும் சொல்லாமல் விட்ட பெயர்களும்

2019 ஏப்ரல் 3. பாட்னாவில் ஐக்கிய ஜனதா தளத்தின் அலுவலகத்துக்கு யாரோ வந்து ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே தலா 1 கோடி ரூபாய்க்கு 10 தேர்தல் பத்திரங்கள், அதாவது கட்சிக்கு நன்கொடை தர வங்கியில் வாங்கிய, வாங்கியவர் பெயர் இல்லாத பத்திரங்கள். கொடுத்தவர் யாரென்று தெரியாது என அந்தக் கட்சியே தேர்தல் ஆணையத்துக்கு எழுதிக் கொடுத்தது. திரிணாமூல் காங்கிரஸும் ஏறக்குறைய இதையே சொன்னது: ஆபீஸ் பெட்டியில் போட்டார்கள், ஆள் மூலம் அனுப்பினார்கள். பா.ஜ.க. சட்டத்தைக் காட்டியது. 20,000 ரூபாய்க்கு மேல் தந்தவர் பெயரைக் கணக்கில் காட்ட வேண்டும் என்ற விதியிலிருந்து 2017 நிதிச் சட்டம் பத்திரங்களுக்கு விலக்குத் தந்திருந்தது, உண்மைதான்.

ஆனால் ‘சொல்ல வேண்டியதில்லை’ வேறு, ‘தெரியாது’ வேறு. தி.மு.க. கொடுத்த பட்டியலைப் பாருங்கள். பத்திரங்களில் வந்த 656.5 கோடியில் 509 கோடி, லாட்டரி மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங் தந்தது. அந்தப் பணத்தை வாங்கியது சரியா என்று நாம் இன்று கேட்க முடிவதே பெயர் வெளியே வந்ததால்தான். பெயரே சொல்லாத கட்சியிடம் எதைக் கேட்பது?

பத்திரத்தின் அமைப்பையும் கவனியுங்கள். ஸ்டேட் வங்கியில் கேஒய்சி, அதாவது அடையாள விவரம், கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 15 நாளுக்குள் கட்சி தன் கணக்கில் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு பத்திரத்திலும் புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் ரகசிய எண் இருந்தது. அது வெறும் பாதுகாப்பு அடையாளம், வாங்கியவர் விவரத்தோடு வங்கி அதைக் குறித்து வைப்பதில்லை என்று 2018இல் நிதி அமைச்சகம் சொன்னது.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் இந்தத் திட்டத்தையே ரத்து செய்தது. மார்ச் 6க்குள் விவரம் தரச் சொன்னதும், 22,217 பத்திரங்களை இருபுறமும் ஒப்பிட ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்றது வங்கி. அதற்குள் மக்களவைத் தேர்தலே முடிந்திருக்கும்! நீதிமன்றம் மறுத்தது. முதலில் வந்த பட்டியலில் எண் இல்லை. வாங்கியவர் ஒரு பக்கம், பெற்ற கட்சி ஒரு பக்கம், நடுவே பாலமில்லை. மறுபடி அதட்டிய பிறகு மார்ச் 21 அன்று இரண்டு பட்டியலும் எண்ணோடு வந்தன. யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைப் பத்திரிகையாளர்கள் அன்றே பொருத்திக் காட்டத் தொடங்கிவிட்டார்கள்.

மறைப்பதெல்லாம் லஞ்சம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வங்கி எண்ணைக் குறித்து வைத்திருந்தும் இல்லை என்று அமைச்சகம் சொன்னதற்கும், வங்கி ஏறக்குறைய நான்கு மாதம் கேட்டதற்கும் நல்லெண்ணத்தைக் காரணமாக என்னால் ஏற்க முடியவில்லை.

வங்கி தந்தது 2019 ஏப்ரல் 12 முதலான கணக்கு மட்டும். 2018 மார்ச்சிலிருந்து அதுவரை விற்றவற்றின் எண்கள் இன்னும் வரவில்லை. அந்தப் பணம் யாருடையது என்று சொல்ல எந்தக் கட்சிக்கும் நீதிமன்ற உத்தரவு தேவையில்லை.