குராடாவை மன்னிக்க முடியவில்லை

ஜப்பானிய இயக்குநர் செய்ஜுன் சுசுகியின் 'டோக்கியோ டிரிஃப்டர்' பற்றி யார் பேசினாலும் வண்ணங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 1966-இல் வந்த படம். சுசுகியின் போக்கு பிடிக்காமல் நிக்காட்சு ஸ்டூடியோ பட்ஜெட்டில் கை வைத்தது. அவரும் கலை இயக்குநர் கிமுராவும் கையிலிருந்த சொற்பப் பணத்தில் வெறும் சுவரையும் விளக்கையும் வைத்தே வித்தை காட்டிவிட்டார்கள். எல்லாம் சரி. ஆனால் என்னை உலுக்கியது குராடா என்கிற அந்தப் பெரியவர்தான்.

தன் அடியாள் கும்பலைக் கலைத்துவிட்டு நேர்வழியில் பிழைக்க நினைப்பவர் குராடா. அந்தக் கும்பலில் இருந்த நாயகன் டெட்சு அவரை அப்பாவாகவே நினைக்கிறான். தொடக்கத்திலேயே எதிரி ஒட்சுகாவின் ஆட்கள் அவனைப் போட்டு அடிக்கிறார்கள். கண் கூசும் கறுப்பு வெள்ளையில் அந்தக் காட்சி. திருப்பி ஒரு அடி கொடுக்கவில்லை. பெரியவர் சண்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

அப்புறம் குராடாவின் கட்டடத்தை வைத்து ஒரு தகராறு, அதில் கொலை. பெரியவருக்குத் தொல்லை வரக்கூடாது என்று இவன் ஊரைவிட்டே கிளம்புகிறான். பனி கொட்டும் வடக்கே அலைகிறான். அந்த நேரத்தில் குராடா ஒட்சுகாவோடு கைகோத்து, இவனைத் தீர்த்துக்கட்டச் சம்மதிக்கிறார். தெற்கே சசெபோ நகரில் அவனுக்கு அடைக்கலம் கொடுத்த உமெதானியிடமே அந்த வேலை வருகிறது.

ஒட்சுகா கெட்டவன், அவனிடம் வேறென்ன எதிர்பார்ப்போம்? குராடா அப்படியில்லை. அவருக்கு டெட்சு மேல் பாசம் உண்டு, அது நடிப்பில்லை. கட்டடம் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று வந்தபோது கட்டடத்தை எடுத்துக்கொண்டார். நல்லவன் செய்யும் துரோகத்துக்குத்தான் மருந்தே கிடையாது. ஒட்சுகாவை விட்டு விலகி வந்த கென்ஜி, தலைவர்களை நம்பாதே என்று படித்துப் படித்துச் சொல்கிறான். டெட்சு காதில் ஏறுவதில்லை.

கதை பலவீனம் என்பவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. கடைசிச் சண்டை நடக்கும் அந்த வெள்ளை மண்டபத்தைப் பாருங்கள். பியானோவையும் பெரிய வளையத்தையும் விட்டால் பெரிதாக எதுவுமில்லை. குராடா ஒளிய அங்கே இடமே கிடையாது. பணம் இருந்திருந்தால் அந்த இடத்தைச் சாமான்களால் நிரப்பியிருப்பார்கள், இந்த வலியும் அமுங்கிப் போயிருக்கும். டெட்சுவின் கதிதான் சுசுகிக்கும்: நிக்காட்சுவுக்கென்று 40 படங்கள் எடுத்தவரை 1968-இல் வெளியே தள்ளினார்கள். அவர் வழக்குப் போட்டுப் போராடினார்.

குராடா தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறார். அதற்குப் பிறகும் டெட்சு, காத்திருந்த காதலி சிஹாருவை விட்டுவிட்டுத் தனியாகப் போகிறான். தவறு செய்தது கிழவர், தண்டனை அந்தப் பெண்ணுக்கா? இதில் மட்டும் எனக்கு டெட்சு மேலும் கோபம்தான்.