கை தட்டியதோடு சரியா?

கொரோனா காலத்தில் உழைத்த முன்களப் பணியாளர்களுக்கு நினைவுச் சின்னம் வேண்டும் என்று நீங்கள் எழுதியிருப்பதை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் 2020 மார்ச் 22 மாலை அவர்களுக்கு நன்றி சொல்லிக் கை தட்டிய நாம்தான், அடுத்த மாதமே சென்னையில் கொரோனாவுக்குப் பலியான டாக்டர் சைமன் ஹெர்குலஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஆம்புலன்ஸ் மீது கல்லெறிந்தோம். கடைசியில் அவருடைய நண்பரான இன்னொரு டாக்டரே மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். இன்றும் மனசு ஆறவில்லை.

அப்புறம், தூய்மைப் பணியாளர்களை விட்டுவிடாதீர்கள். எங்கள் தெருவுக்கு வந்த அக்கா ஒரே துணி மாஸ்க்கைத் தினமும் துவைத்துக் கட்டிக்கொண்டு, கொரோனா வந்ததால் தகரம் அடித்து அடைத்த வீடுகளின் குப்பையையும் வாரினார். இன்னமும் ஒப்பந்தக் கூலிதான். சின்னம் வையுங்கள், சரி. அதற்கு முன்னால் அவர் வேலையை நிரந்தரமாக்குங்கள்.