பழி போட மட்டும் எங்கிருந்துதான் இத்தனை இங்கிலீஷ் வருதோ!

"நான்தான் பண்ணிட்டேன்." ரெண்டே வார்த்தை. இதைச் சொல்ல எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் வாய் வராது. ஆனா அடுத்தவன் தலையில கட்டணும்னா மட்டும் எங்கேயும் படிக்காத இங்கிலீஷெல்லாம் அருவியா கொட்டும்.

ஐ.டி.யில குப்பை கொட்டுறவங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது சாஃப்ட்வேர் ரிலீஸ் வேணாம், டெஸ்டிங் முடியலனு தலையால அடிச்சுக்கிட்டாலும் கேக்க மாட்டாங்க. சனிக்கிழமை எல்லாம் படுத்துரும். திங்கக்கிழமை காலையில மீட்டிங். "திஸ் இஸ் நாட் அபவுட் பாயின்ட்டிங் ஃபிங்கர்ஸ்"னு மேனேஜர் ஆரம்பிச்சாலே யாரோ ஒருத்தனுக்கு அன்னைக்கு நேரம் சரியில்லைனு அர்த்தம். அடுத்து "வீ ட்ராப்ட் த பால்". யாருய்யா அந்த "வீ"? தேதி குறிச்சப்போ அந்தக் கூட்டத்துல எங்களைச் சேர்க்கவே இல்லையே!

இதுல உச்சம், "ஐ டோன்ட் வான்ட் டு த்ரோ எனிபடி அண்டர் த பஸ், பட்…". அந்த "பட்" வாயிலிருந்து விழுறதுக்குள்ள டயர் ஏறியாச்சு. யார் மேல? பெரும்பாலும் சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகாத ஃப்ரெஷர் மேல. இல்லைனா பேப்பர் போட்டுட்டுப் போனவன் மேல. அவன்தான் ரொம்ப வசதி, பதில் சொல்லவே வர மாட்டான்.

"ஆஸ் பர் மை ட்ரெயிலிங் மெயில்"னா "நான் அப்பவே சொன்னேன், நீதான் கிழிக்கல"னு அர்த்தம். கிளையன்டை சிசி-யில வெச்சு அனுப்புவாங்க. தமிழ்ல திட்டினா திருப்பியாவது திட்டலாம். இதுல திட்டு வாங்கினதே மதியம் சாப்பிட்டு வந்து ரெண்டாவது தடவை படிச்சாதான் உறைக்குது.

அடுத்தவன் தப்பைச் சுமக்குறவனை ஸ்கேப்கோட், ஸ்கேப்கோட்ங்கிறாங்களே, அந்த ஆட்டோட கதை பைபிள்ல லேவியராகமம் 16-ல இருக்கு. தலைமை ஆசாரியர் ஆரோன் ரெண்டு கையையும் ஆட்டுத் தலையில வெச்சு, சனங்க செஞ்ச பாவத்தையெல்லாம் வாய்விட்டுச் சொல்லணும். அதுக்கப்புறம்தான் ஆட்டை வனாந்தரத்துக்கு ஓட்டிவிடணும். கவனிங்க, பாவம் எங்களோடதுதான்னு ஊரறிய ஒத்துக்கிட்ட பிறகுதான் ஆடு கிளம்புது! எங்காளுங்க அந்தப் பாதிச் சடங்கை வசதியா முழுங்கிட்டு, நேரா ஆட்டைப் பத்துறதுல வந்து நிக்கிறாங்க.

மேனேஜர் காபி கப்ல என்ன எழுதியிருக்கு தெரியுமா? "த பக் ஸ்டாப்ஸ் ஹியர்". அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் மேஜையில 1945-லேருந்து இருந்த பலகை வாசகம். பொறுப்பு என்னோட முடியுது, இதுக்கு மேல தள்ளிவிட ஆளில்லைனு அந்த மனுஷன் வெச்சிருந்தாரு. இவரு அதுலயே காபியை உறிஞ்சிக்கிட்டு, "டெஸ்டிங் டீம்ல கேளுங்க"ங்கிறாரு. நெஞ்சழுத்தம்னா இதான்.

அப்புறம் அந்த ஆர்.சி.ஏ. (ரூட் காஸ் அனாலிசிஸ்) டாக்குமென்ட். எதுனால விழுந்துச்சுனு கண்டுபிடிச்சு எழுதணுமாம். "வேலிடேஷன் வாஸ் மிஸ்ட்", "அப்ரூவல் வாஸ் ஓவர்லுக்ட்". யாரு மிஸ் பண்ணா, யாரு அப்ரூவ் பண்ணா, மூச்! ஈரானுக்கு ஆயுதம் வித்த விவகாரத்துல அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி ரீகன் 1987 ஜனவரியில பேசினது இதே பாணிதான், "சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்". தப்புகள் தானா நடந்துருச்சாம். அவராவது மார்ச்ல டி.வி.யில வந்து முழுப் பொறுப்பும் என்னோடதுனு சொன்னாரு. எங்களுக்கு மார்ச்ல வர்றது அப்ரைசல்தான்.

அதுல எனக்கு என்ன கமென்ட் போட்டிருக்காங்கனு கேளுங்க: "நீட்ஸ் டு டேக் மோர் ஓனர்ஷிப்". ரிலீஸ் வேணாம்னு நான் போட்ட மெயில் இன்னும் சென்ட் ஐட்டம்ஸ்ல கிடக்கு சார். அதுக்கு நீங்க அனுப்பின பதில் ஒரு தம்ஸ்-அப் பொம்மை. அந்தக் கட்டைவிரலுக்கு ஓனர் யாரு, அதைச் சொல்லுங்க முதல்ல!