வெந்நீரில் இரண்டு சம்பந்திகள்

(ஹங்கேரியில், டெப்ரெட்சென் நகருக்கு மேற்கே, ஹோர்டொபாஜ் புல்வெளி. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். பெண்ணைப் பெற்ற தர்மலிங்கம், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். பையனைப் பெற்ற வேலுச்சாமி, மாட்டுத் தரகர். இருவரும் குதிரை வண்டி ஏறுகிறார்கள். வீட்டம்மாக்கள் முன்வண்டியில்.)

தர்மலிங்கம்: உட்காருங்கள் சம்பந்தி. நீங்கள் உட்கார்ந்த பிறகுதான் நான்.

வேலுச்சாமி: அட, நீங்கள் உட்காருங்கள்.

தர்மலிங்கம்: அதெப்படி? நீங்கள் மாப்பிள்ளை வீட்டார்.

வேலுச்சாமி: ஏனுங்க, கல்யாணமாகி பேத்தியே பள்ளிக்கூடம் போகிறாள். வண்டி நகர்கிறது, எதையாவது பிடியுங்கள்!

தர்மலிங்கம்: (தடாலென்று உட்கார்ந்து, மூச்சு வாங்கியபடி) 1973-ல் ஹங்கேரியின் முதல் தேசியப் பூங்காவாக ஆக்கப்பட்ட இடம் இது. 1999-ல் யுனெஸ்கோ...

வேலுச்சாமி: இருக்கட்டும். கண்ணுக்கு எட்டின மட்டும் புல்தான். ஒரு மரத்தைக் காணோமே?

தர்மலிங்கம்: உவர் மண். மரம் லேசில் வேர் பிடிக்காது. அதனால்தான் காலங்காலமாக மேய்ச்சல் நிலமாகவே கிடக்கிறது.

வேலுச்சாமி: காரணம் கேட்கவில்லை சம்பந்தி. அவசரத்துக்கு ஒதுங்க இடம் கேட்டேன்.

(தர்மலிங்கம் வேறு பக்கம் கை காட்டுகிறார். அங்கே சாம்பல் நிற மாடுகள். கொம்பு ஒவ்வொன்றும் வளைந்து மேலே போய்க்கொண்டே இருக்கிறது.)

வேலுச்சாமி: வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். சுழி பார்க்கணும்.

தர்மலிங்கம்: வாங்கவா போகிறீர்கள்?

வேலுச்சாமி: வாங்காவிட்டால் பார்க்கக் கூடாதா? உங்கள் பெண்ணையும் முதலில் சும்மா பார்த்துவிட்டுப் போகத்தானே வந்தோம்.

தர்மலிங்கம்: உதாரணத்தை மாற்றுங்கள் சம்பந்தி.

வேலுச்சாமி: சரி, மாற்றிவிட்டேன். இந்த மாடு எந்தச் சந்தைக்குப் போகும்?

தர்மலிங்கம்: ஒரு காலத்தில் வியன்னா, நியூரம்பெர்க், வெனிஸ் வரைக்கும் நடத்தியே ஓட்டிப்போய் விற்றிருக்கிறார்கள்.

வேலுச்சாமி: வெனிஸ் வரைக்குமா! போய்ச் சேர்வதற்குள் விலா எலும்பு தெரிந்திருக்குமே. அங்கே இருக்கிற தரகன் விலையை அடித்திருப்பான்.

தர்மலிங்கம்: வழியெல்லாம் மேய்ந்துகொண்டேதான் போகும்.

வேலுச்சாமி: அப்படியா? அப்போது சரி. (நானூறு, ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய வியாபாரம் நஷ்டமில்லாமல் முடிந்ததில் அவருக்கு ஒரு நிம்மதி.) அதோ, கிணற்றில் ஏற்றம்! நம் ஊர் ஏற்றமேதான்! மேலே ஏறி மிதிக்கிற ஆளைக் காணோமே?

தர்மலிங்கம்: இங்கே யாரும் ஏறுவதில்லை. கழியின் பின்முனையில் கனத்தைக் கட்டிவிடுவார்கள், அது வாளியைத் தூக்கிவிடும்.

வேலுச்சாமி: ஆளே ஏறவில்லை என்றால் பாட்டு?

தர்மலிங்கம்: பாட்டு கிடையாது போலிருக்கிறது.

வேலுச்சாமி: அது என்ன ஏற்றம்!

(ஆட்டு மந்தை. முறுக்கிய கொம்புகள் இரண்டு பக்கமும் நேராக நீட்டிக்கொண்டு நிற்கின்றன.)

தர்மலிங்கம்: ராட்ஸ்கா ஆடு. கிடா, பெட்டை இரண்டுக்கும் கொம்பு உண்டு.

வேலுச்சாமி: மெதுவாகச் சொல்லுங்கள். முன்வண்டியில் இரண்டு ஜோடிக் காது இருக்கிறது.

(படீர்! சாட்டைச் சத்தம். தர்மலிங்கம் சம்பந்தியின் தோளைக் கட்டிக்கொள்கிறார். நீலச் சட்டையும் பாவாடை போல் அகன்ற கால்சட்டையும் போட்ட குதிரைக்காரர் வருகிறார். முன்னால் மூன்று குதிரை, பின்னால் இரண்டு. பின் குதிரைகள் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு காலை வைத்து நின்றபடியே ஓட்டுகிறார்.)

வேலுச்சாமி: விழுந்தால் யார் பொறுப்பு?

தர்மலிங்கம்: (தோளை விட்டுவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்தபடி) இவர்களுக்கு சிக்கோஷ் என்று பெயர். இதில் வேடிக்கை கேளுங்கள். இது இவர்கள் பாட்டன் முப்பாட்டன் வித்தை இல்லை. லுட்விக் கோஹ் என்ற ஆஸ்திரிய ஓவியர் கற்பனையாக இப்படி ஒரு படம் வரைந்தார். அதைப் பார்த்துவிட்டு இங்கே இருந்தவர்கள் நிஜமாகவே ஏறி நின்றுவிட்டார்கள்.

வேலுச்சாமி: நல்லவேளை, அந்த மனுஷன் இறக்கை வைத்து வரையவில்லை.

தர்மலிங்கம்: இவர்கள் சேணத்துக்கு வயிற்று வார்கூடக் கிடையாது. சும்மா முதுகில் போட்டது. அங்கவடியில் பாரம் கொடுத்து ஏறினால் சேணத்தோடு சேர்ந்து கீழே வந்துவிட வேண்டியதுதான்.

வேலுச்சாமி: அடேயப்பா, அந்தக் குதிரைக்கு என்ன ஆயிற்று? படுத்துவிட்டதே!

தர்மலிங்கம்: பழக்கம். ஒளிய மரமில்லாத வெளி. அந்தக் காலத்தில் எதிரி வந்தால் குதிரையைப் படுக்க வைத்து ஆளும் கூடவே படுத்துவிடுவாராம்.

வேலுச்சாமி: (பெருமூச்சு) என் முட்டி இருக்கிற நிலைமையில் நான் படுத்தால் எதிரிதான் கை கொடுத்துத் தூக்கிவிடணும்.

(மத்தியானம். வெந்நீர்க் குளங்களுக்குப் பேர்போன ஹொய்டூசொபொஸ்லோ ஊர். டிக்கெட் கவுன்டரில் ‘நான்தான் தருவேன்’ என்று இருவரும் ஒருவர் கையை ஒருவர் தட்டிவிட, உள்ளே இருந்த பெண் காவலரைக் கூப்பிடலாமா என்று யோசித்தது வரைக்கும் போனது. அதை விடுங்கள். இப்போது பழுப்பு நிற மருந்துநீர்க் குளத்தில் இருவரும் கழுத்தளவு.)

வேலுச்சாமி: ஏன் அந்தப் பக்கமே பார்த்துப் பேசுகிறீர்கள்?

தர்மலிங்கம்: மரியாதைதான். உங்களைச் சட்டையில்லாமல் பார்த்ததில்லை.

வேலுச்சாமி: நான் மட்டும் உங்களைப் பார்த்தேனா? வேட்டியோடு இறங்க விடமாட்டேன் என்கிறார்கள், என்ன செய்வது. அது சரி, தார் வாடை அடிக்கிறதே?

தர்மலிங்கம்: ஆழத்துத் தண்ணீர். 1925-ல் பாவாய் வொய்னா ஃபெரென்ட்ஸ் என்ற நிலவியலாளர் எரிவாயு தேடித் துளை போட்டார். 1,091 மீட்டரில் 73 டிகிரி சூட்டோடு தண்ணீர் பீறிட்டது.

வேலுச்சாமி: (துள்ளி) 73 டிகிரியா!

தர்மலிங்கம்: ஆற வைத்துத்தான் விடுவார்கள். உட்காருங்கள்.

வேலுச்சாமி: வாயு தேடினவருக்குத் தண்ணீர். நான் தண்ணீருக்கு ஆயிரம் அடி போர் போட்டேன், வெறும் காற்றுதான் வந்தது. மனுஷன் முன்னாலேயே தெரிந்திருந்தால் இடத்தை மாற்றிக்கொண்டிருப்போம்.

தர்மலிங்கம்: முட்டி எப்படி இருக்கிறது?

வேலுச்சாமி: பரவாயில்லை, மடக்க வருகிறது. கரையில் அம்மாக்கள் என்ன சாப்பிடுகிறார்கள்?

தர்மலிங்கம்: லாங்கோஷ். எண்ணெயில் பொரித்த மாவு. மேலே பூண்டு, புளித்த பாலாடை, துருவிய சீஸ்.

வேலுச்சாமி: குளத்தில் மூட்டுவலிக்கு மருந்து, கரையில் வாயுப் பண்டம். நல்ல வியாபாரம்.

தர்மலிங்கம்: அதற்குத்தான் பூண்டு. சரி, இந்தத் தண்ணீரில் இருபது நிமிஷத்துக்கு மேல் ஊறக் கூடாது என்றாள் பெண். கிளம்பலாம். எழுந்திருங்கள்.

வேலுச்சாமி: நீங்கள் முதலில்.

தர்மலிங்கம்: முறை என்று ஒன்று இருக்கிறதே. மாப்பிள்ளை வீட்டார்...

வேலுச்சாமி: இன்றைக்கு மட்டும் முறையை விடுங்கள்.

தர்மலிங்கம்: முட்டி பிடித்துக்கொண்டதா?

வேலுச்சாமி: முட்டி இல்லை. நாடா.

தர்மலிங்கம்: எந்த நாடா?

வேலுச்சாமி: உங்கள் பெண் வாங்கித் தந்த டிரவுசர் நாடா. நம் உடம்புக்கு இரண்டு சுற்றுப் பெரியது. இறங்கும்போதே உருவிக்கொண்டு எங்கேயோ போய்விட்டது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஓடிப்போய் அந்தத் துண்டை எடுத்து வாருங்கள்.

தர்மலிங்கம்: (அசையாமல்) ...

வேலுச்சாமி: என்ன யோசனை?

தர்மலிங்கம்: எனக்கும் கை ஒழியவில்லை சம்பந்தி. ஒரே கடையில், ஒரே சைஸில் இரண்டு எடுத்திருக்கிறாள். மாமனாருக்கு ஒன்று, அப்பனுக்கு ஒன்று என்று வித்தியாசமே பார்க்க மாட்டாள்.

வேலுச்சாமி: நல்ல வளர்ப்புங்க.