லூசியாவின் கையில் இருப்பது ரகசியக் குறி அல்ல

பூங்கொத்துபோல் காம்பில் இரண்டு கண்களை ஏந்தி நிற்கும் பெண்ணின் ஓவியம், 'சர்ச் மறைத்த ரகசியச் சங்க அடையாளம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

1473 வாக்கில் பிரான்செஸ்கோ தெல் கோஸா, இத்தாலியின் பொலோன்யா நகரில் சான் பெத்ரோனியோ ஆலயப் பீடத்துக்காக வரைந்த புனித லூசியா அவர். ஆலயத்திலேயே வைத்ததை எங்கே மறைப்பது?

சரி, கண்கள் ஏன்? இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள சிராக்கூஸில் 304 வாக்கில் கொல்லப்பட்டவர் லூசியா. அவருடைய கண்களைப் பிடுங்கியதாகச் சொல்லும் கதை பழைய வரலாறுகளில் இல்லை. இடைக்காலத்தின் பிற்பகுதியில்தான் ஒட்டிக்கொண்டது. எழுத்தறியாதவரும் புனிதரை அடையாளம் காண ஓவியர்கள் ஆளுக்கொரு பொருள் கொடுத்தார்கள்: கேத்தரினுக்குச் சக்கரம், பார்பராவுக்குக் கோபுரம், லூசியாவுக்குக் கண்கள். அவர் முகத்தில் இரு கண்களும் பத்திரமாகவே இருக்கின்றன, பாருங்கள். மற்றக் கையிலுள்ள குருத்தோலை மறைசாட்சிகள், அதாவது நம்பிக்கைக்காக உயிர்விட்டவர்கள், எல்லோருக்கும் பொது.