காயத்தைப் பார்த்த டாக்டரே சாட்சி சொல்லட்டும்

புதிய குற்றவியல் சட்டங்கள் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து எங்கள் அரசு டாக்டர்கள் பலருக்கு ஒரு சந்தோஷம். மாற்றலாகிப் போன பிறகும் பழைய ஊர் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்துகொண்டே இருக்குமே, அந்த அலைச்சல் குறையும். டாக்டர் எழுதிய காய அறிக்கையை வழக்கில் யாராவது மறுத்தால், இப்போது அந்தப் பதவியில் இருப்பவர் போய்ச் சாட்சி சொல்லலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 336ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. எழுதியவர் இறந்துபோயிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவரை வரவழைத்தால் விசாரணை தாமதமாகும் என்றாலே போதும்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. கோர்ட் வராந்தாவில் மதியம் வரை நின்று, வாய்தா என்று கேட்டுத் திரும்பியவன்தான் நானும். இருந்தாலும் சொல்கிறேன்.

தலையில் கட்டையால் அடித்தால் தோல் நேர்க்கோடாகப் பிளக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் அரிவாள் வெட்டு மாதிரியே இருக்கும். ஓரங்களை விலக்கிப் பார்த்தால்தான் முடிவேர் நசுங்கியிருப்பதும், உள்ளே திசு இழைகள் அறுபடாமல் குறுக்கே நிற்பதும் தெரியும். இரவு டூட்டியில், வெளியே கூட்டம் கத்திக்கொண்டிருக்க, காயங்களைப் பதியும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) புத்தகத்தில் இதெல்லாம் ஏறுமா? நீளம், அகலம், ஆழம், அவ்வளவுதான். (ஏற வேண்டும். அது தனிச் சண்டை.)

அப்புறம் கூண்டில் ஏறுகிறார், அந்தக் காயத்தைக் கண்ணால் பார்க்காத டாக்டர். அரசு வழக்கறிஞர் சான்றுப் பொருளைக் காட்டி, "இந்த அரிவாளால் ஏற்பட்டிருக்கலாமா?" என்பார். "வாய்ப்பு உண்டு." எதிர்தரப்பு எழுந்து, "கல்லில் விழுந்தாலும் ஏற்படலாம்தானே?" அதற்கும் "வாய்ப்பு உண்டு". வேறென்ன சொல்வார், பாவம்? பார்த்தவராக இருந்தால் ஏன் இது, ஏன் அது இல்லை என்று விளக்கலாம். அல்லது தான் சரியாகப் பார்க்கவில்லை என்பது குறுக்கு விசாரணையில் வெளிவரும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதுவும் முக்கியம்.

எழுதியவர் உயிரோடு இல்லையென்றால் சரி, வேறு வழியில்லை. மாற்றலுக்கும் ஓய்வுக்கும் எதற்கு இந்த ஏற்பாடு? அமெரிக்காவில் இருக்கும் டாக்டரின் சாட்சியத்தையே வீடியோ கான்பரன்சிங்கில் பதிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003லேயே சொல்லிவிட்டது. தர்மபுரியிலிருந்து தூத்துக்குடிக்கு மாற்றலானவர் அதைவிடத் தூரமா?

உங்களுக்கு முன்னால் இருந்தவர் எழுதிய அறிக்கைக்கு உங்கள் பெயரில் சம்மன் வந்தால், அவர் இப்போது எந்த ஊரில் வேலை பார்க்கிறார் என்று எழுதி, வீடியோவில் அவரையே விசாரிக்கும்படி கோர்ட்டுக்கு ஒரு கடிதம் கொடுத்துப் பாருங்கள்.