ஆமா, என்கிட்ட இருக்கிறது கிராப் பாடிதான்

ஞாயித்துக்கிழமை நான் போட்ட ஒரு கல்யாணப் போட்டோவுக்குக் கீழ கமெண்ட்ல நடந்த கூத்தைப் பார்த்தவங்களுக்கு நான் மறுபடி விளக்க வேண்டியதில்ல. பார்க்காதவங்க புண்ணியம் பண்ணவங்க. தாலி கட்டுற நேரத்துல பொண்ணோட அப்பா முகத்தைத் திருப்பிக்கிட்டு துண்டால கண்ணைத் துடைக்கிறாரு. படம் அதுதான். அதைப் பத்தி ஒருத்தர் வாய் திறக்கல. "அண்ணே, இன்னுமா கிராப் பாடில ஓட்டுறீங்க?"ன்னு ஒரு கமெண்ட். கிராப் பாடின்னா படம் பதியுற சென்சார் சின்னதா இருக்கிற கேமரா; பெரிய சென்சார் வச்சது ஃபுல் ஃபிரேம். அதுக்குக் கீழ நாலு சிரிப்பு பொம்மை. ஐ.எஸ்.ஓ. (இருட்டுல ஏத்திக்கிற எண்) எவ்வளவு, நிழல்ல நாய்ஸ் (பொரிபொரியா புள்ளி) தெரியுதே, என்ன பாடின்னு வரிசையா விசாரணை.

ரெண்டு நாள் பேசாம இருந்தேன். முடியல.

ஃபுல் ஃபிரேம் கெட்டதுன்னு நான் எங்கயும் சொன்னதில்ல. இப்ப வாங்கலன்னு சொல்றேன், அவ்வளவுதான். இந்த ரெண்டு பேச்சுக்கும் வித்தியாசம் தெரியாதவங்களுக்கு ரெண்டு சென்சாருக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் எப்படித்தான் தெரியுதோ.

ஃபுல் ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். என்னோட நிக்கான் டி7200-ல இருக்கிறது 23.5-க்கு 15.6. பரப்புல ரெண்டே கால் மடங்குக்கு மேல பெருசு. இருட்டுல ஒரு ஸ்டாப்புக்கு, அதாவது ரெண்டு மடங்கு வெளிச்சத்துக்கு, கொஞ்சம் கூடவே லாபம். இது தெரியாமயா இத்தனை வருஷம் மண்டபம் மண்டபமா அலையுறேன்? போன தை மாசம் ஒரு ரிசப்ஷனுக்கு டி750-ங்கிற ஃபுல் ஃபிரேம் வாடகைக்கு எடுத்தேன். ஐ.எஸ்.ஓ. 6400-ல எடுத்த படம் என்னோடதுல 3200-ல எடுத்த மாதிரி இருந்துச்சு. ராத்திரி ஒரு மணிக்கு கம்ப்யூட்டர்ல பெருசு பண்ணிப் பார்த்துட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதையும் ஒத்துக்கிறேன். போதுமா?

ஆனா அதே ரிசப்ஷன்ல மேடைக்குப் பின்னாடி எல்.ஈ.டி. திரை வச்சிருந்தாங்க. ஷட்டரை ஏத்தினதும் படத்துல பட்டை பட்டையா கோடு. ஃபுல் ஃபிரேம்னு அந்தத் திரை ஒண்ணும் மரியாதை கொடுக்கல. ஷட்டரை இறக்கி, ஃபிளாஷை சீலிங்ல அடிச்சுத்தான் சமாளிச்சேன். என்னோட பழைய பாடில தினமும் பண்றதும் அதேதான்.

சரி, பிரிண்ட். என்னோடது 24 மெகாபிக்சல், அதாவது 6000-க்கு 4000 புள்ளி. 12-க்கு 36 ஆல்பத்தை விரிச்சா ஒரு பக்கம் 12-க்கு 18 இன்ச். இன்ச்சுக்கு 300 புள்ளின்னு வச்சாலும் 5400-க்கு 3600 போதும், மிச்சமே இருக்கு. இதுவரைக்கும் எந்த மாமாவும் ஆல்பத்தைப் புரட்டிட்டு "மாப்பிள்ளை காதோரம் நாய்ஸ் இருக்கே"ன்னு கேட்டதில்ல. "எங்க அக்கா படம் ஒண்ணுகூட இல்லையே"ன்னுதான் கேட்டிருக்காங்க.

ஃபுல் ஃபிரேம்ல ஆளுக்குப் பின்னாடி அழகா மங்கலாகுதே, புது பாடில ஃபோகஸ் தானாவே கண்ணைப் பிடிக்குதேன்னு வருவீங்க. மண்டப அலங்காரத்துக்குக் கல்யாண வீட்டுக்காரங்க கொடுத்த காசைக் கேட்டுப் பாருங்க, மங்கலாக்க மனசு வராது. கண்ணைப் பிடிக்கிறது நல்ல விஷயம்தான், அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

பாடி மட்டுமா வாங்கணும்? என்னோட 17-50 கிராப்புக்குன்னே செஞ்ச லென்ஸ். அதை ஃபுல் ஃபிரேம்ல மாட்டினா சென்சாரோட நடுப்பகுதி மட்டும்தான் வேலை செய்யும், 24 மெகாபிக்சல்ல பத்துதான் மிஞ்சும். அப்ப 24-70 லென்ஸும் வாங்கணும். ரெண்டும் சேர்த்து மூணு லட்சத்தைத் தொடும். ரெண்டு பாடிலயும் மாட்டக்கூடிய 85 லென்ஸ் ஒண்ணு இருந்துச்சு, அது இப்ப என்கிட்ட இல்ல, விடுங்க. "இ.எம்.ஐ. போடுங்கண்ணே"ன்னு ரொம்ப சுலபமா சொல்றீங்க. ஆடியில கல்யாணம் கிடையாது. மார்கழியில கிடையாது. இ.எம்.ஐ.க்கு ஆடி தெரியுமா, மார்கழி தெரியுமா? தேதி அஞ்சானா பேங்க்ல இருந்து மெசேஜ் வந்துடும்.

எங்க அப்பா கும்பகோணத்துல ஸ்டூடியோ வச்சிருந்தாரு. மேல இருந்து குனிஞ்சு பார்க்கிற யாஷிகா, 120 ஃபிலிம், ரோலுக்கு 12 படம். ஒரு கல்யாணத்துக்கு அஞ்சு ரோல், அதுக்குள்ள நலங்குல இருந்து சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் அடக்கணும். அப்புறம் அவர் 35 எம்.எம். வாங்கினப்ப, ரோலுக்கு 36 ஆச்சேன்னு சந்தோஷமா இருந்திருக்காரு. பக்கத்துத் தெரு ஸ்டூடியோக்காரர் ஒருத்தர் கேட்டாராம், "என்ன, சின்ன ஃபிலிமுக்கு இறங்கிட்டீங்க? பெருசு பண்ணா பொரிபொரியா வருமே." அந்தச் சின்ன ஃபிலிமோட அளவு என்னன்னு நினைக்கிறீங்க? 36-க்கு 24. இன்னிக்கு நீங்க மார் தட்டிக்கிற அதே ஃபுல் ஃபிரேம். அப்பா சாகுற வரைக்கும் அந்த ஆளு பேச்சை மறக்கல. நானும் மறக்க மாட்டேன்போல.

"கஸ்டமரே கேட்கிறாங்களே"ன்னு ஒருத்தர் இன்பாக்ஸ்ல வந்தாரு. ஆமாங்க, கேட்கிறாங்க. போன வாரம் ஒரு பெரியவர் ஃபோன்ல, "தம்பி, ஃபுல் ஃபிரேம்ல எடுப்பீங்களா?"ன்னாரு. அது என்னன்னு அவருக்குத் தெரியாது, யாரோ கேட்கச் சொல்லி அனுப்பியிருக்காங்க. "இல்லைங்கய்யா"ன்னேன். "சரி, வீட்ல கலந்துட்டுச் சொல்றோம்." இந்தத் தொழில்ல இருக்கிறவங்களுக்கு அதுக்கு அர்த்தம் தெரியும். ஆவணியில ஒரு நல்ல முகூர்த்தம் போச்சு. என் பாடி ரெண்டு லட்சம் கிளிக் தாண்டிடுச்சு, கம்பெனி சோதிச்சுப் பார்த்ததே ஒன்றரை லட்சத்துக்குத்தான். என்னிக்கு நின்னு போகும்னு பயந்துக்கிட்டேதான் நான் தூங்குறேன். ஒரு நாள் வாங்கத்தான் போறேன். எப்பன்னு நான் முடிவு பண்றேன், கமெண்ட் பாக்ஸ் முடிவு பண்ண வேணாம்.

கமெண்ட் போட்டவர் யாருன்னே எனக்குத் தெரியாது. சத்தியமா அவர் மேல கோபம் இல்ல. சிரிச்ச நாலு பேர்ல ஒரு பேரைப் பார்த்தேன். பன்னெண்டாவது முடிச்சுட்டு லைட் ஸ்டாண்ட் பிடிக்க என்கிட்ட வந்த பையன். கெட்டிமேளம் சொல்றதுக்கு முன்னாடி எங்க நிக்கணும், வீடியோக்காரர் மறைச்சா அவர் மனசு நோகாம எப்படி நகர்த்தணும், எல்லாம் இந்தக் கிராப் பாடியை வச்சுத்தான் கத்துக்கிட்டான். போன வருஷம் ஃபுல் ஃபிரேம் வாங்கினப்ப பெட்டியைப் பிரிக்காம நேரா எங்க வீட்டுக்குத்தான் எடுத்துட்டு வந்தான். என் வீட்டுக்காரி சந்தனப் பொட்டு வச்சுக் கொடுத்தா. லென்ஸ் வாங்கக் காசு பத்தலைன்னான். "ஒரு சீசனுக்கு வச்சுக்கடா"ன்னு நான்தான் கொடுத்தேன்.

தம்பி, நீ இதைப் படிப்பன்னு தெரியும். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன்னாடி அந்த 85-ஐ வீட்ல கொடுத்துட்டுப் போ. நான் இல்லைன்னா அண்ணிகிட்ட கொடு. பின்னாடி மூடியும் சேர்த்து.